நந்தனாரும் கிந்தனாரும்: தமிழ்த் திரை தீண்டாமையைப் பேசிய விதம்

தமிழ்த் திரைப்படம் சாதியைப் பற்றிப் பேசத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான் என்ற கூற்று கருத்தரங்குகளில் அடிக்கடி ஒலிக்கிறது. 2012-இல் 'அட்டகத்தி', 2014-இல் 'மெட்ராஸ்', 2018-இல் 'பரியேறும் பெருமாள்' என ஒரு வரிசையைச் சொல்லி, அதற்கு முந்தைய எண்பது ஆண்டுகளையும் 'மௌனம்' என்ற ஒற்றைச் சொல்லில் மூட்டை கட்டிவிடுவது ஆய்வாளருக்கு வசதியானது. தேட வேண்டிய வேலை மிச்சமாகிறது. உண்மை வேறு. தமிழ் பேசும்படம் தோன்றிய நான்கே ஆண்டுகளில், 1935-இல், 'நந்தனார்' படமாகிவிட்டது. 1942-இல் மீண்டும் படமானது. இடையே 1937-இல் 'பாலயோகினி', 1939-இல் 'தியாக பூமி'. பின்னர் 1949-இல் 'நல்லதம்பி', 1956-இல் 'மதுரை வீரன்', 1958-இல் 'காத்தவராயன்'. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதித் தமிழ்த் திரை தீண்டாமையைப் பற்றிப் பேசியது, உரக்கவே பேசியது. எந்த நிபந்தனையின் பேரில் பேசியது என்பதே ஆராயத்தக்கது.

அந்த நிபந்தனையைக் கண்டறிய ஓர் எளிய கேள்வி போதும். பிறப்பாலும் சேரியைச் சேர்ந்தவர், வளர்ப்பாலும் சேரியைச் சேர்ந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் உயிரோடும் தம் சொந்த உருவத்தோடும் கதையின் இறுதிவரை நாயகராக நிற்க அந்தப் படங்களில் இடமிருந்ததா? இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காலப் படங்களை மறுபடி பார்த்தால், தனித்தனியாகத் தோன்றுபவை ஒரு குடும்பமாகத் தெரியத் தொடங்கும்.

இதே கேள்வி அமெரிக்கத் திரைப்படத்தைப் பற்றிப் பல்லாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. ஆலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறை, வெள்ளையர்–கறுப்பர் காதலையும் கலப்பையும் திரையில் காட்டுவதை 1956 வரை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருந்தது. அந்த விதிக்குள் இருந்துகொண்டே எலியா கசான் 1949-இல் 'பிங்கி' என்ற படத்தை எடுத்தார். வெள்ளைத் தோற்றத்துடன் பிறந்து, வடக்கே வெள்ளைப் பெண்ணாக வாழ்ந்து, தெற்கே தன் கறுப்பினப் பாட்டியிடம் திரும்பி வரும் ஒரு செவிலியின் கதை அது. பாட்டியாக நடித்தவர் கறுப்பினக் கலைஞர் எத்தல் வாட்டர்ஸ். பேத்தியாக நடித்தவரோ ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளை நடிகை. கறுப்புப் பெண்ணின் துயரம் திரைக்கு வரலாம், கறுப்புப் பெண் வரவேண்டியதில்லை என்பதே அங்கு எட்டப்பட்ட சமரசம். அந்தச் சமரசத்தைக்கூடப் பொறுக்காமல் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரம் படத்தைத் தடுத்தது. 1952-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் படத்தைத் திரையிட்டவரின் பக்கம் நின்றது. 'பிங்கி'யைத் துணிச்சலான படம் என்பதும் சரி, கோழைத்தனமான படம் என்பதும் சரி. டெல்லிப் பல்கலைக்கழகங்களில் திரைப்படம் பயிலும் மாணவர்கள் இத்தகைய படங்களை இந்த இரட்டைப் பார்வையோடு படிக்கக் கற்றிருக்கிறார்கள். அதே பார்வை 1942-இன் 'நந்தனா'ரின் மீது ஏனோ திரும்புவதில்லை. அது பக்திப் படம் என்ற தட்டில் வைக்கப்பட்டு, இசை ஆர்வலர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

நந்தன் கதையின் வரலாறு சற்று நிதானமாகப் பார்க்கத்தக்கது. பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் புராணத்தில் கொடிய பண்ணையார் எவரும் இல்லை. தோலும் வாரும் கோயில்களுக்குக் கொடுத்து வந்த ஓர் அடியவர், தில்லைக்குள் நுழையத் தம் பிறப்பு தடையென எண்ணி வருந்துகிறார். இறைவன் ஆணைப்படி எரியில் மூழ்கி, பூணூலணிந்த முனிவராக எழுகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனையாக்கியபோதுதான் வேதியர் என்ற நிலவுடைமையாளர் உள்ளே வந்தார். நந்தன் அவருடைய பண்ணையாள் ஆனான். சிதம்பரம் போக விடுப்புக் கேட்டவனிடம், நாற்பது வேலி நிலத்துப் பயிர்வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரே இரவில் சிவகணங்கள் அதை முடித்துவைக்கின்றன. விடிந்ததும் வயலைக் கண்ட வேதியர் நந்தனின் பெருமையை உணர்ந்து பணிகிறார்.

பாரதியார் செய்தது சிறிய மாற்றமன்று. தீட்டு என்ற சடங்குப் பிரச்சினைக்கு அடியில் உழைப்பு என்ற பிரச்சினை இருப்பதைக் காவிரிப் படுகையில் வாழ்ந்த அவர் கண்டிருக்கிறார். விடுப்பு எடுக்க இயலாதவன், உத்தரவின்றி ஊர் எல்லை தாண்ட இயலாதவன் கோயிலைப் பற்றிக் கனவு காண்கிறான். ஆனால் கண்ட கையோடு அதை அற்புதத்தால் மூடியும் விட்டார். வேதியர் மனம் மாறுகிறார். நாற்பது வேலியும் அவரிடமே இருக்கிறது. கூடுதலாக, ஒரு போக விளைச்சல் கூலியின்றிக் கிடைத்திருக்கிறது. அந்த நெல் யாருடைய களஞ்சியத்துக்குப் போயிற்று என்று கீர்த்தனையும் கேட்கவில்லை, அதைத் தொடர்ந்து வந்த படங்களும் கேட்கவில்லை.

1935-இல் நந்தனாக வேடமிட்டவர் கே.பி. சுந்தராம்பாள். ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அக்காலத்தில் பெரும் பேச்சாக இருந்தது. வேதியராக நடித்தவர் கருநாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942-இல் ஜெமினி நிறுவனத்துக்காக முருகதாசா இயக்கிய படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். இரண்டு முறையும் நந்தன் வேடம் தலைசிறந்த பாடகர் ஒருவருக்கே போயிற்று. அரங்கில் அமர்ந்தவர் கேட்க வந்தது அந்தக் குரலை. ஏக்கம் ராகமாக உருகும்போது, அந்த ஏக்கத்துக்குக் காரணமான கதவு செவிக்கு இனிமையான ஒன்றாகிவிடுகிறது. கலைஞர்கள் மீது குறை சொல்ல இதில் ஏதுமில்லை. தேசிகரின் குரலைக் கேட்டு நெகிழாதவர் அரிது. அந்த நெகிழ்ச்சியோடு வீடு திரும்பியவர் மறுநாள் தம் பண்ணையாளிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் சமூக வரலாற்றின் கவலை. பண்ணையாள் பாதுகாப்புக்கெனத் தஞ்சை மாவட்டத்துக்குத் தனிச் சட்டம் வருவதற்கு இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. 1952-இல் அது வந்தபோது மிராசுதாரர்கள் நெகிழவில்லை.

நெருப்பு என்னும் படிமத்தைத் தமிழ்ச் சமூகம் எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டது என்பதும் உறுத்துகிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைக்கப்பட்டு எரிக்கப்பட்ட 44 பேரும் அதே காவிரிப் படுகையின் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கேட்டது கூலி உயர்வு. அந்நிகழ்வை 'குருதிப்புனல்' நாவலாக்கிய இந்திரா பார்த்தசாரதி, 'நந்தன் கதை' என்ற நாடகத்தையும் எழுதினார் என்பது தற்செயலாக இருக்க முடியாது. நந்தன் எரியில் இறங்கினானா, இறக்கப்பட்டானா என்ற ஐயத்தை வெண்மணிக்குப் பின் வந்த எழுத்தாளர் எழுப்பித்தான் ஆகவேண்டும். அம்பேத்கர் இதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1948-இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் ஆகிய மூவருக்கும் காணிக்கையாக்கியிருந்தார். திரை போற்றிய அதே பெயரைத்தான் அவரும் போற்றினார். தீண்டாமையின் தோற்றத்தை ஆராயும் நூல் ஒன்றின் வாசலில் அப்பெயரை வைத்துப் போற்றினார்.

'தியாக பூமி'க்கு வருவோம். கல்கியின் கதை, ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே கே. சுப்பிரமணியம் அதைப் படமாக்கினார். புயலில் வீடிழந்த சேரி மக்களுக்கு இடம் கொடுத்ததற்காகச் சம்பு சாஸ்திரி அக்கிரகாரத்தாரால் விலக்கி வைக்கப்படுகிறார். சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். படம் வெளிவந்த 1939-ஆம் ஆண்டின் ஜூலை 8 அன்றுதான் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்தது. காங்கிரஸ் அமைச்சரவை விலகிய பின்னர் பிரிட்டிஷ் அரசு இப்படத்தைத் தடை செய்தது. சுப்பிரமணியத்தின் துணிவை ஐயுறுவதற்கில்லை. 'பாலயோகினி'யில் பிராமண விதவை ஒருவரையே நடிக்க வைத்து வைதிகரின் சினத்துக்கு ஆளானவர் அவர். ஆயினும் 'தியாக பூமி'யின் தலைப்பு சுட்டும் தியாகம் யாருடையது? சாஸ்திரியுடையது. புயலில் நனைந்தவர்கள் அந்தத் தியாகத்துக்கு வாய்ப்பளித்த பின் கதையின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். 1962-இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சன் இறந்துபோக, அவருக்காக வாதாடிய வெள்ளை வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபிஞ்ச் உலகத்து நல்லோர் வரிசையில் நிலைபெற்றது இதே கணக்குத்தான். ஒடுக்கப்பட்டவர் துன்புற வேண்டும். அத்துன்பத்தின் வட்டி மற்றவருடைய நற்பெயராக வரவு வைக்கப்படும்.

நடுப்பகுதி நூற்றாண்டின் மிகச் சுவையான உத்தி கண்டெடுத்த குழந்தை. இதில் தமிழும் இந்தியும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடிக்கின்றன.

மதுரை வீரன் அருந்ததியர் வாழ்வோடு பின்னிப் பிணைந்த காவல் தெய்வம். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்த வீரனுக்கு மதுரையிலும் அதற்கு வெளியே நூற்றுக்கணக்கான ஊர்களிலும் வழிபாடு உண்டு. 1956-இல் டி. யோகானந்த் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். வீரனாக நடித்த படம் பெருவெற்றி பெற்றது. அதில் வீரன் அரச குடும்பத்தில் பிறந்தவன். கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன். செருப்புத் தைக்கும் இணையர் கண்டெடுத்து வளர்க்கிறார்கள். இந்தப் பிறப்பு மாற்றத்தைப் படத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. கதைப்பாடலிலேயே அவன் காசி மன்னன் மகனாகத்தான் வருகிறான். முத்துப்பட்டன் கதையிலும் இப்படிப்பட்ட பிறப்புத் திருத்தம் உண்டு. நாட்டார் கதைகளில் இவை பின்னாளில் செருகப்பட்டவை என்பது நா. வானமாமலை வழிவந்த ஆய்வாளர்களின் துணிபு. எனினும் 1956-இல், தீண்டாமைக் குற்றச் சட்டம் நிறைவேறிய மறு ஆண்டில், அந்தச் செருகலைக் கழற்றிவிட ஒரு திரைக்கதைக்கு எல்லாச் சுதந்திரமும் இருந்தது. பகுத்தறிவு இயக்கத்தின் நிழலில் உருவான படத்துக்குக் கழற்ற மனம் வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1959-இல், பிமல் ராயின் 'சுஜாதா' வந்தது. அங்கே தலைகீழ்: தீண்டப்படாத குடும்பத்தின் அனாதைக் குழந்தை பிராமணர் வீட்டில் வளர்கிறது. நூதன் அந்தப் பெண்ணாக நடித்தார். வளர்ப்புத் தாய் உள்ளூர ஒதுக்கியே வைத்திருக்கிறாள். ஆபத்தில் அவளுக்கு ஏற்ற இரத்தம் சுஜாதாவின் உடலில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகே மனம் இளகுகிறது. மென்மையான படம், இன்றும் கண்ணை ஈரமாக்கும் படம். ஆனால் அருகருகே வைத்துப் பாருங்கள். வீரன் பிறப்பால் உயர்ந்தவன், வளர்ப்பால் தாழ்ந்தவன். சுஜாதா பிறப்பால் தாழ்ந்தவள், வளர்ப்பால் உயர்ந்தவள். இரண்டில் ஒன்றேனும் 'சுத்தமாக' இருந்தாக வேண்டும் என்பதே எழுதப்படாத விதி. பிறப்பும் வளர்ப்பும் இரண்டுமே சேரியாக இருந்த நாயகியர் என்னவானார்கள்? 1936-இன் 'அச்சுத் கன்யா'வில் தேவிகா ராணி நடித்த கஸ்தூரி, ரயில்வே கேட் காவலரின் மகள், ரயில் மோதி இறக்கிறாள். 1954-இன் மலையாள 'நீலக்குயில்' படத்து நீலி குழந்தையைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். 'பிங்கி'யின் தோல் நிறத்துக்கும் வீரனின் அரச பிறப்புக்கும் வேலை ஒன்றுதான்: பார்ப்பவரைக் கலங்கவிடாமல் காப்பது.

இதற்கு மறுப்பு உண்டு. அது வலுவானதும்கூட. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரைப் பற்றிய தம் நூலில் காட்டியபடி, அடித்தட்டுப் பார்வையாளர் இந்தப் படங்களை வாளாவிருந்து விழுங்கவில்லை. தம் நாட்டார் வீரர்களின் நினைவைத் திரை நாயகன் மேல் ஏற்றிப் பார்த்தார்கள். மதுரை வீரன் படத்தைப் பார்த்த அருந்ததியர் ஒருவருக்கு அரண்மனைக் காட்சி ஒரு பொருட்டாக இருந்திருக்க வேண்டியதில்லை. தம் சாமி திரையில் குதிரையேறியதே போதுமானதாக இருந்திருக்கலாம். பிறப்புத் திருத்தம் யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களே அதை நம்பினார்கள் என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆனால் பார்வையாளரின் சாமர்த்தியம் படத்தின் சமரசத்தை நியாயப்படுத்திவிடாது. படம் வந்த மறு ஆண்டு, 1957 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் பற்றியெரிந்தது. பிறப்பாலும் வளர்ப்பாலும் தேவேந்திரரான, படையில் பணியாற்றித் திரும்பிய ஓர் இளைஞர் சமமாக அமர்ந்து பேசியது அங்கே பொறுக்கப்படவில்லை. அவரைப் போன்ற ஒருவரை நாயகராக்கும் கதை அக்காலத் தமிழ்த் திரையின் கற்பனைக்குள்ளேயே வரவில்லை.

அல்லது ஒரே ஒரு முறை, பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தது.

1949-இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய 'நல்லதம்பி'க்குத் திரைக்கதை எழுதியவர் அண்ணாதுரை. மூலம் ஃபிராங்க் காப்ராவின் 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற 1936-ஆம் ஆண்டு அமெரிக்கப் படம். நாயகன் என்.எஸ். கிருஷ்ணன். அமெரிக்கக் கதையில் இல்லாத ஒன்றைத் தமிழ்ப் படம் சேர்த்துக்கொண்டது: கிந்தனார் கதா காலட்சேபம். உடுமலை நாராயணகவி எழுத, கிருஷ்ணன் பாகவதர் கோலத்தில் நின்று நிகழ்த்தியது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை அடியொற்றிய பகடி அது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். நந்தனை வேதியர் தடுத்தார். கிந்தனை வாத்தியார் விரட்டுகிறார். நந்தனுக்கு எரி; கிந்தனுக்கு ரயில். சென்னைக்குப் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் தன் ஊர்ப் பள்ளியையே பார்வையிடத் திரும்பி வருகிறான் கிந்தன்.

இதன் துல்லியம் வியக்க வைக்கிறது. காலட்சேபம் என்பது அக்கிரகாரத்துக் கலை வடிவம். அதே சப்ளாக்கட்டை, அதே நடை, அதே இழுப்பு. உள்ளே இருப்பது மட்டும் மாறிவிட்டது. முக்தியின் இடத்தில் பரீட்சை. பூணூலின் இடத்தில் பணி நியமனம். கிந்தன் எரிந்து வேறொருவனாக எழவில்லை, கிந்தனாகவே திரும்புகிறான். மேலே கேட்ட கேள்விக்கு, பிறப்பும் வளர்ப்பும் சேரியாக இருந்து உயிரோடு முடிவை எட்டிய நாயகன் யார் என்ற கேள்விக்கு, அக்காலத் திரை தந்த தெளிவான விடை இவன்தான்.

ரயிலும் வெறும் வாகனமாக வரவில்லை. புதுமைப்பித்தன் 1930-களில் எழுதிய 'புதிய நந்தன்' கதை தண்டவாளத்தில்தான் முடிகிறது. கிழவர் கருப்பனும், காந்திய இளைஞனும், சுயமரியாதை இளைஞனும் ஒரே ரயிலில் அடிபட்டு இறக்கிறார்கள். கஸ்தூரியைக் கொன்றதும் ரயில். நவீனம் சாதியைக் கலக்கும், ஆனால் பிணங்களாகத்தான் கலக்கும் என்ற அச்சம் அந்தக் கதைகளில் ஓடுகிறது. கிருஷ்ணன் அந்த ரயிலில் தன் கதாநாயகனைச் சீட்டு வாங்கி உட்கார வைத்தார்.

ஆயினும் கிந்தனைத் திரையில் எவரும் முழு நாயகனாக வாழ்ந்து காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவன் கதைக்குள் சொல்லப்படும் கதை; நகைச்சுவைக் கலைஞர் ஒருவரின் நிகழ்ச்சியில் வந்துபோகும் பெயர். சிரிப்பு என்ற காப்பு இருந்ததால்தான் அவன் பிழைத்தான். ஏழே ஆண்டுகள் கழித்து 'மதுரை வீர'னில் கண்டெடுத்த அரச குழந்தையை வளர்க்கும் தந்தையாக அதே கிருஷ்ணனும், தாயாக டி.ஏ. மதுரமும் நடித்தார்கள். கிந்தனை ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தவர், அரசகுமாரனை வளர்த்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். தமிழ்த் திரை எந்தத் திசையில் நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் தேவையில்லை. அதன் பிறகு சாதி 'ஏழை' என்ற சொல்லுக்குள் குடிபுகுந்தது. படகோட்டி, ரிக்ஷாக்காரன், தொழிலாளி எனப் பெயர்கள் வந்தன. சேரி என்ற பெயர் போயிற்று.

கிந்தனின் ரயில் சென்னையோடு நிற்கவில்லை. 1943 ஆகஸ்டில், வைசிராய் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் முயற்சியால், மைய அரசுப் பணிகளில் பட்டியல் வகுப்பினருக்கு 8⅓ விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 1946-இல் அது 12½ ஆயிற்று. அந்த இடங்களில் தேர்வெழுதி அமர்ந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் டெல்லி ரயிலைப் பிடித்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று கிட்வாய் நகர். 1954-இல் மறைந்த மைய அமைச்சர் ரஃபி அகமது கிட்வாயின் பெயரால் அமைந்த அரசு ஊழியர் குடியிருப்பு அது. எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அருகில். பக்கத்து லட்சுமிபாய் நகரிலேயே டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் 'குவார்ட்டர்ஸ்' என்றே சொல்லும்.

குவார்ட்டர்ஸின் விதி விசித்திரமானது. யார் எங்கே குடியிருப்பது என்பதை அங்கே ஊர் தீர்மானிக்கவில்லை. சம்பள நிலையும் பணிமூப்பும் தீர்மானித்தன. அக்கிரகாரமும் சேரியும் எந்தக் காலத்திலும் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்ததில்லை. இங்கே தஞ்சையிலிருந்து வந்த ஐயங்கார் உதவியாளரும், அதே தஞ்சையிலிருந்து வந்த பண்ணையாளின் மகனான எழுத்தரும் எதிரெதிர் கதவுகளில் வாழ நேர்ந்தது. ஒரே பால் வரிசை, ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே பேருந்து நிறுத்தம். இதனால் சாதி போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொலுவுக்கு யாரை அழைப்பது, எந்த வீட்டுத் தண்ணீரைக் குடிப்பது என்ற கணக்குகள் படிக்கட்டில் ஏறி இறங்கியபடியேதான் இருந்திருக்கும். அதனாலேயே அது கதைக்கு உரிய இடம். தீண்டாமை நெருப்பும் கோயிலும் இல்லாமல், மாலை நேரத்துக் காபி தம்ளரில் வந்து நிற்கும் இடம். எண்பதுகளில் ஞாயிறு பிற்பகல் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் தமிழாக அமையும் வாரங்களில், இத்தகைய குடியிருப்புகளில் அந்த எதிரெதிர் வீடுகள் ஒரே பெட்டியின் முன் அமர்ந்திருக்கக்கூடும். பெட்டிக்குள் அவர்கள் இருவரும் இல்லை.

இப்படி ஓர் இடத்தைத் திரை எப்படிப் பார்த்திருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு முன்மாதிரி உண்டு. லொரெய்ன் ஹான்ஸ்பெரி 1959-இல் அரங்கேற்றிய 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகம் 1961-இல் சிட்னி பாய்ட்டியே நடிக்கப் படமானது, திரைக்கதையும் அவருடையதே. சிகாகோவின் கறுப்பினக் குடும்பம் ஒன்று, இறந்த தந்தையின் காப்பீட்டுத் தொகையைக் கொண்டு வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறது. அப்பகுதியின் சார்பாக ஒருவர் வருகிறார். கத்துவதில்லை, மிரட்டுவதில்லை, மிக மரியாதையாக, நீங்கள் வராமலிருந்தால் கூடுதல் பணம் தருகிறோம் என்கிறார். ஹான்ஸ்பெரியின் தந்தை இதே போன்ற குடியிருப்புத் தடையை எதிர்த்து வழக்காடி உச்சநீதிமன்றம் வரை சென்றவர். அந்த மரியாதையின் ஒலியை அறிந்த ஒருவர் எழுதியதால்தான் அக்காட்சி உண்மையாக இருக்கிறது. 'பிங்கி'க்கும் இதற்கும் பன்னிரண்டு ஆண்டுத் தொலைவு. உள்ளடக்கத்தில் இருக்கும் தொலைவு அதைவிட அதிகம். கிந்தனின் வழித்தோன்றல் ஒருவர் பேனாவும் கேமராவும் எடுக்கத் தமிழுக்கு இன்னும் அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. இடையில் 1988-இல் பாலு மகேந்திரா எடுத்த 'வீடு' சொந்த வீடு கட்டுவதன் ஒவ்வொரு தடையையும் காட்டியது: பணம், ஒப்பந்ததாரர், அனுமதி. சாதி மட்டும் அந்த மனையில் கால் வைக்கவில்லை. அற்புதமான படம் என்பதால் அந்த இடைவெளி மேலும் கண்ணில் படுகிறது.

மரியாதையான அந்த மறுப்பு டெல்லிக்குப் புதிதன்று. தேசியத் தலைநகர் வட்டாரத்தின் வாடகை வீட்டுச் சந்தையைப் பற்றிச் சுகதேவ் தோரட்டும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தலித் பெயரோ முஸ்லிம் பெயரோ தெரிந்ததும் வீடு மறுக்கப்படுவதையும் கூடுதல் நிபந்தனைகள் விதிக்கப்படுவதையும் பதிவு செய்திருக்கிறது. முழுப் பெயர் என்ன, சொந்த ஊர் எது, சைவமா என்று புன்னகையோடு கேட்கப்படும் மூன்று கேள்விகள் போதும். குவார்ட்டர்ஸ் இருக்கும்வரை கிந்தனின் பிள்ளைகளுக்கு இக்கேள்விகள் இல்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் பணி ஓய்வுவரைதான். முன்பு 58, 1998-க்குப் பின் 60 என்ற அகவையில், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த ஒருவர் சாமான்களைக் கட்டிக்கொண்டு சந்தைக்குள் இறங்குகிறார். அவர் சந்திக்கும் முதல் வீட்டுக்காரர், வேதியரைப் போலக் கடுஞ்சொல் பேசமாட்டார். இது 1942-இல் எடுக்கப்பட்டிருக்க முடியாத படம். 1972-இல் எடுத்திருக்கலாம்.

கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு இப்போது உயர்ந்த அடுக்குமாடிகள் நிற்கின்றன. முன்பு அங்கு வாழ்ந்தவர்கள் ஓய்வு பெற்றுத் துவாரகைக்கும் நொய்டாவுக்கும் சொந்த ஊருக்கும் சிதறிவிட்டார்கள். ஒதுக்கீட்டு வீடு யாருக்கும் பரம்பரையாக வருவதில்லை என்பதால், அந்தக் குடியிருப்பின் நினைவுக்கும் வாரிசு கிடையாது. தமிழ்த் திரைப்படத்தில் சாதி என்ற தலைப்பில் டெல்லியில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பலருடைய இயல்கள் 'நந்தனா'ரிலிருந்து நேரே 'பரியேறும் பெருமா'ளுக்குத் தாவுகின்றன. நடுவிலுள்ள பார்வையாளரில் சிலர் இன்னும் எண்பது வயதைத் தொட்டபடி இருக்கிறார்கள். 'மதுரை வீர'னைச் சிறுவயதில் ஊர்க் கொட்டகையின் தரையில் அமர்ந்து பார்த்து, பின்னர் தேர்வெழுதி, ரயிலேறி வந்தவர்கள். அரண்மனையில் பிறந்த வீரனை அவர்கள் நம்பினார்களா, கிந்தனின் கதையைக் கேட்டபோது சிரித்தார்களா என்று அவர்களிடம் போய்க் கேட்கும் ஆய்வுத் திட்டத்துக்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், மெட்ரோ அட்டையும், அவர்கள் இருக்கும் சில ஆண்டுகளும் போதும்.